பணிமுறிவு நாள்

காலை ஏழே முக்காலிலிருந்து வயரிங் டீச்சர் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். தோளில் துணிப்பை. பைக்குள் சோதனை விளக்கு, இரண்டு டெஸ்டர், அரை டஜன் இன்சுலேஷன் டேப். ஒன்பது மணிக்கு உள்ளே பன்னிரண்டாம் வகுப்புத் தொழிற்பிரிவுக்குச் செய்முறைத் தேர்வு. பதினோரு பிள்ளைகள். இரண்டு வருடம் அவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவளை உள்ளே விட மாட்டேன் என்கிறார் வாட்ச்மேன். தினமும் அவளுக்கு வணக்கம் சொல்கிற அதே வாட்ச்மேன்தான்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். இன்னிக்கு மட்டும் உங்களை விடக் கூடாதுன்னு மேடம் ஆர்டர்."

"தெரியும்ணே. மேடத்தை ஒரு நிமிஷம் வரச் சொல்லுங்க. நான் எங்கேயும் போகல."

விஷயம் இதுதான். அவளுடையது ஒப்பந்த வேலை. வருடம் முடிந்ததும் ஒரு நாள் பணிமுறிவு, மறுநாள் புது உத்தரவு. தொடர்ந்து வேலை பார்த்தாள் என்று ஆகிவிட்டால் நாளைக்கு நிரந்தரம் கேட்டு நிற்பாளே, அதற்காக யாரோ மண்டையைக் கசக்கிக் கண்டுபிடித்த ஏற்பாடு. ஒன்பது வருடமாக இப்படித்தான். அந்த ஒரு நாள் அவள் யாருக்கும் டீச்சர் இல்லை. வீட்டிலிருக்கும் போர்வைகளையெல்லாம் அன்றைக்குத்தான் துவைப்பாள். இந்த வருடம் தேர்வைப் பத்து நாள் தள்ளி வைத்தவர்களுக்கு அவள் போர்வையைப் பற்றி என்ன தெரியும்? தேர்வு வந்து சரியாக முறிவு நாளில் உட்கார்ந்துகொண்டது.

தலைமையாசிரியை வேகமாக வந்தார். முகத்தில் தூக்கமில்லை.

"ஏம்மா, நேத்தே சொன்னேன்ல? நீ இன்னிக்கு உள்ள வேலை பார்த்தேன்னு ஒரு துண்டுக் காகிதம் கிடைச்சாப் போதும், என் தலைதான் உருளும். கணக்கு சாரைப் போட்டிருக்கேன், அவர் பார்த்துப்பார்."

"கணக்கு சார் ஃபேன் சுவிட்சையே ஸ்கேலால தட்டறவர் மேடம்."

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"தேதியை மாத்தச் சொல்லிக் கேட்டுப் பார்த்துட்டேன். முடியாதுன்னுட்டாங்க. இன்னிக்கு நடக்கலைன்னா பதினோரு பேருக்கும் ஆப்சென்ட். அதைக் காட்டியே பிரிவை மூடிடுவாங்க. நான் என்னதான் பண்றது?"

"நடத்துங்க. நான் வேலை பார்க்க வரல, வேடிக்கை பார்க்க வரேன். சுவர் ஓரமா ஒரு ஸ்டூல் போதும். வாயைத் திறக்க மாட்டேன். புள்ளைங்க நேரடி கரண்ட்ல கை வைக்கப் போறாங்க மேடம், விவரம் தெரிஞ்ச ஒரு ஆள் அந்த ரூம்ல இருக்கணும். விடலைன்னா ஜன்னல்கிட்ட நின்னுக்கறேன். ஜன்னல் ரோட்டுப் பக்கம்தானே."

சொன்னால் செய்வாள் என்று தலைமையாசிரியைக்குத் தெரியும். கேட்டைத் திறக்கச் சொன்னார். "பையைப் புள்ளைங்ககிட்ட குடுத்துடு. கையில எதுவும் இருக்கக் கூடாது."

வெறுங்கையோடு தன் வகுப்பறைக்குள் போய் உட்காருவது அவளுக்கு என்னவோ போலிருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வயதானவர். மதியம் இன்னொரு பள்ளிக்குப் போக வேண்டிய அவசரம் அவருக்கு. மாடிப்படி வயரிங் கொடுத்தார். ஒரே விளக்கை மேலேயும் கீழேயும் இரண்டு சுவிட்சுகளால் போட்டு அணைக்க வேண்டும். முடித்த பலகையை முதலில் சோதனை விளக்கு வழியாக இணைத்துப் பார்ப்பது முறை. சோதனை விளக்கு மங்கலாக எரிந்தால் வேலை சரி. பளிச்சென்று எரிந்தால் கம்பிகள் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன என்று அர்த்தம், அந்தப் பலகைக்கு நேரடி மின்சாரம் கொடுக்கவே கூடாது. கணக்கு வாத்தியார் முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, மெயின் சுவிட்ச் பக்கத்தில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நிற்கிற பெண்ணைப்போல் நின்றார்.

ஆறு பலகைகள் ஒழுங்காக முடிந்தன. ஏழாவது, வாயாடி என்று எல்லாரும் கூப்பிடும் பெண்ணுடையது. இணைத்ததும் சோதனை விளக்கு கண் கூசும்படி எரிந்தது.

"ஆகா, இதுதான் நல்லா எரியுது," என்று கணக்கு வாத்தியார் நேரடி சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார்.

டீச்சர் எழுந்துவிட்டாள். தேர்வாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாரும்மா நீங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் வாயாடி கணக்கு வாத்தியாரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"சார், கையை எடுங்க. ஷார்ட் ஆகியிருக்கு."

"நல்லாத்தானேம்மா எரியுது?"

"நல்லா எரியறதுதான் சார் தப்பு. மெயினை ஆஃப் பண்ணுங்க."

அணைத்தார். வாயாடி பல்பைக் கழற்றி, ஹோல்டரைத் திறந்து, கம்பியிலிருந்து பிரிந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த இரண்டு செப்பு இழைகளைக் கண்டுபிடித்தாள். வெட்டினாள், முறுக்கினாள், திருகினாள், மறுபடி இணைத்தாள். சோதனை விளக்கு மங்கலாக எரிந்தது. "இப்பப் போடுங்க சார்."

தேர்வாளர் மதிப்பெண் தாளில் எழுதிவிட்டுக் கணக்கு வாத்தியாரிடம் திரும்பினார். "தப்பு யார் வேணா பண்ணுவாங்க. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆள் வேணும். நல்லாப் பழக்கியிருக்கீங்க சார்."

கணக்கு வாத்தியார் ஸ்டூல் பக்கம் பார்த்தார். வாசலில் தலைமையாசிரியை இருமினார். "ஆமாங்க," என்றார் வாத்தியார், தரையைப் பார்த்துக்கொண்டு. டீச்சருக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

பதினோரு பேரும் தேறினார்கள்.

"தேதியோட ஒரு போட்டோ ஆன்லைன்ல ஏத்தணும். பயிற்றுநர் நடுவுல, புள்ளைங்க ரெண்டு பக்கமும்," என்றார் தேர்வாளர். தலைமையாசிரியையும் வந்து ஓரத்தில் நின்றார். தேர்வாளர் யாரிடம் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்துவிட்டு, தன் கைபேசியை டீச்சரிடம் நீட்டினார். "சும்மாதானே இருக்கீங்க, நீங்க எடுங்கம்மா."

அவள் சுவர் வரை பின்னால் போனாள். பிள்ளைகள் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். கணக்கு வாத்தியாரும் அந்த இடத்துக்குப் போகாமல் பக்கத்தில் நின்றார்.

"நடுவுல எதுக்கு இவ்வளவு இடம்? சேர்ந்து நில்லுங்க," என்றார் தேர்வாளர். யாரும் அசையவில்லை. வாயாடி டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

டீச்சர் கைபேசியை உயர்த்திப் பிடித்தாள்.

"நெருங்கி நில்லுங்கப்பா," என்றாள். "இடமே தெரியக் கூடாது."