தங்க அட்டைக்குக் குறைந்த மைல்கள்

தொழிற்சாலைகளுக்குப் போய் கம்ப்ரசர் பழுதுபார்க்கும் அந்த என்ஜினியருக்கு பறக்கப் பறக்க விமான நிறுவனம் கணக்கில் சேர்த்துத் தரும் மைல்கள் என்றால் உயிர். ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போனாலும் ஒரே நிறுவனத்தின் விமானத்தில்தான் ஏறுவார். மனைவியின் தம்பி கிண்டல் செய்யாமல் விடமாட்டான்.

"நேர் ஃப்ளைட்ல வந்து நான் தூங்கியே எந்திரிச்சுட்டேன் மாமா. நீங்க இன்னும் நடுவழியில ஓசி காபி குடிச்சுட்டு இருக்கீங்க."

"தங்க அட்டை இருந்தா ஏர்போர்ட்ல தனி ஓய்வறைடா. வரிசை கிடையாது, கூடுதல் பெட்டி. சேர்த்த மைல்ல உங்கக்காவை முன்வரிசை பெரிய சீட்டுல உட்கார வைக்கிறேன் பாரு."

"எப்போ? லீவு கிடைச்சா சீட்டு இல்ல. சீட்டு கிடைச்சா லீவு இல்ல."

மனுஷன் போனை எடுத்து மைல் கணக்கைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

இந்த வருடம் தங்க அட்டை நிலைக்கக் கொஞ்சம் மைல் குறைந்தது. தலைபோகிற காரியமாயிற்றே! வடக்கே ஒரு தொழிற்சாலையில் வேலை என்று மனைவியிடம் புளுகிவிட்டு, ஆபீசில் லீவு போட்டு, மைலுக்காகவே விமானம் மாறி விமானம் ஏறி வானத்திலேயே சுற்றினார். மறுநாள் காலை வீட்டுக்கு வந்து, சோபாவில் சாய்ந்து, போனைத் திறந்தார். தங்க அட்டை மின்னியது. மைல்களில் பாதியைக் காணோம்.

 திருட்டுதான் என்று விமான நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டார்.

"அந்த மைலை வெச்சு நேத்து போக வர ஒரு டிக்கெட் எடுத்திருக்கு சார். உங்க மனைவி பேர்ல," என்றாள் மறுமுனையில் பேசிய பெண். ஊரையும் சொன்னாள். அவர் புளுகிய அதே ஊர்.

எல்லாம் உனக்குத்தான் என்று மைல் கணக்கின் கடவுச்சொல்லை மனைவியிடம் கொடுத்தவரே அவர்தான். நிமிர்ந்தால் எதிரே மனைவி.

"நேத்து உங்க பிறந்தநாளாச்சேன்னு அங்க வந்தேன். ஃபேக்டரி வாசல்ல நின்னேன். அப்படி யாரும் வரலைன்னாங்க. போன் அணைஞ்சிருக்கு. ஆபீஸ்ல கேட்டா லீவுங்கறாங்க." குரல் உயரவில்லை. "யார் அவ?"

அவர் துள்ளி எழுந்தார். பையைக் கொட்டி போர்டிங் பாஸ்களை எடுத்து நீட்டி, ஒன்று விடாமல் உளறிக் கொட்டினார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எங்கேயும் வெளியில போகலையா?"

"ஏர்போர்ட்டை விட்டே போகலம்மா. சத்தியமா."

இப்போது சிரித்துவிடுவாள் என்றுதான் நினைத்தார். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒருத்தி இருந்திருந்தா அவ முடியைப் பிடிச்சாவது கேட்டிருப்பேன், என்கிட்ட இல்லாதது உன்கிட்ட என்ன இருக்குன்னு. இப்ப நான் யார்கிட்டப் போய்க் கேக்குறது?"