ஆறாம் முறையும் தேறாதவள்

வாருங்கள், வாசகரே. இந்த விடுதியின் கம்பிச் சன்னலருகே நின்று உள்ளே பாருங்கள். பட்டப்பகலில், பலபேர் அறிய, ஒரு பெண்ணின் வாழ்வு களவு போகிறது.

அவள் செவிலி. வெளிநாட்டு மருத்துவமனையில் வேலை தருவதாய் அழைத்து வந்த நிறுவனம், முதலில் ஸ்பானிஷ் தேர்வில் தேற வேண்டும் என்றது. தேறும்வரை அவளுடைய கடவுச்சீட்டு மேலாளரின் இரும்புப் பெட்டியில். மூன்று மாதம் என்று உள்ளே வந்தவளுக்கு இரண்டாம் ஆண்டு நடக்கிறது. அனுமதிச் சீட்டின்றித் தெருவில் கால் வைத்தால் காவலாளி மறிப்பான்.

அந்த மொழியின் இறந்தகாலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. திணறும் புதுப் பெண்கள் அவளிடமே ஓடி வருவார்கள்.

"பேசினேன், பேசினாய்னு நாம சொல்றதில்லையா? அதேதான் ஆப்லே, ஆப்லாஸ்தே. வாலைப் பார்த்தாலே ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்டி."

"என் பக்கத்துக் கட்டில்காரிக்கு வால் மட்டும்தான்க்கா இருக்கு. தலையைத்தான் காணோம்."

அவளிடம் படித்தவர்கள் ஒவ்வொருவராய் விமானம் ஏறினார்கள். அவளோ ஐந்து முறை எழுதினாள். ஐந்து முறையும் தோற்றதாய்ச் சொன்னார்கள். தன் மூளையைத்தான் நொந்துகொண்டாள்.

ஆறாம் முறையும் தோல்வி என்று பட்டியல் ஒட்டிய அன்று, தான் நடத்தும் வகுப்புக்காகச் சுண்ணக்கட்டி எடுக்க மேலாளரின் அறைக்குப் போனாள். மேசையில் புதியவர்களின் விடைத்தாள்கள் பாதி திருத்திய நிலையில் கிடந்தன. ஒப்பிட்டுத் திருத்துவதற்காகப் பக்கத்தில் ஒரு தாள் விரிந்திருந்தது. சாலீ, சாலிஸ்தே, சாலியோ. வெளியேறினேன், வெளியேறினாய், வெளியேறினாள். கையெழுத்து அவளுடையது. ஒரு சிவப்புக் கோடும் இல்லை. தலைப்பில் 'சரியான விடைகள்' என்று முத்திரை.

மேலாளர் உள்ளே வந்தார், பதறவில்லை.

"நீ போயிட்டா இதுங்களுக்கு யாரும்மா சொல்லித் தருவா? நல்லாக் கறக்கிற மாட்டை எவன் அவுத்து விடுவான்?"

"என் பாஸ்போர்ட்டைக் குடுங்க சார்."

"பாஸானவங்களுக்குத்தான். விதின்னா விதி."

அவள் அந்தத் தாளை மடித்துக் கையில் இறுக்கிக்கொண்டு வகுப்பறைக்குத் திரும்பினாள். பாடம் நடத்தவில்லை. தாளை விரித்துப் பெண்கள் அனைவருக்கும் காட்டினாள். ஒருத்தியும் அன்று பேனாவைத் தொடவில்லை. மாலைக்குள், அவர்களை உள்ளே வைத்தே அந்த வகுப்பறைக்கும் வெளியிலிருந்து பூட்டுப் போட்டார்கள்.

உச்சுக் கொட்டிவிட்டு நகராதீர்கள். அக்கம்பக்கத்தாரைத் திரட்டிக்கொண்டு இன்றே வாசலுக்குச் செல்லுங்கள். விதி பேசுவார்கள், செவி கொடுக்காதீர்கள். முதலில் அந்த அறையைத் திறக்கச் சொல்லுங்கள், பிறகு இரும்புப் பெட்டியை. கடவுச்சீட்டு அவள் கைக்கு வரும்வரை ஓரடியும் பின்வாங்காதீர்கள்.