பத்து லட்சம் எழுத்து தள்ளி ஒரு ஸ்விட்ச்

"எங்க வம்சத்துல யாருக்கும் ஆறு விரல் கிடையாது! உங்க வீட்ல போய்க் கேளு!"

"எங்க வீட்ல எல்லாருக்கும் அஞ்சுதான் அத்தை. வரிசையா நிக்க வெச்சுக் காட்டவா?"

எதிர்வீட்டு மாமியாரும் மருமகளும்தான். இந்தச் சத்தத்துக்கு ஜன்னல் திரையை விலக்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் விலக்கினேன். கைக்குழந்தையின் கட்டைவிரலை ஒட்டிக் குட்டியாக இன்னொரு விரல். அதில் மூண்ட சண்டையில் மருமகள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். மகன் வழக்கம்போல் சுவருக்கு முட்டுக்கொடுத்து நின்றான்.

இத்தனைக்கும் காரணம் மாமியாரின் மூத்த மகள். தெருவில் அவளுக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர். மனித மரபணுத் தொகுப்பில் எந்தத் துண்டு என்ன வேலை செய்கிறது என்று வரைபடம் போடும் ஆய்வுக்கூடத்தில் உத்தியோகம். பரிசோதனைக்கு வீட்டில் எல்லோரையும் குழாயில் துப்பச் சொல்லி, குழந்தைக்கு வாயில் பஞ்சை ஒற்றி, வாங்கிப்போனவள், "விரல் மரபணுவுல ஒருத்தருக்கும் குறை இல்லம்மா" என்று சொல்லித் தொலைத்தாள். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பழியை மருமகள் பக்கம் தள்ளிவிட்டாள்.

பெட்டியைப் பார்த்ததும் ஆராய்ச்சிக்கு முகம் வெளுத்தது. "அண்ணி, நீங்களாவது சொல்லுங்க" என்று மருமகள் அழுதாள். ஆராய்ச்சி மடிக்கணினியைத் திறந்தாள். நான் சர்க்கரை கேட்கிற சாக்கில் அவர்கள் வீட்டுக்குள்ளே போய்விட்டேன்.

"அய்யோ! மரபணுவை மட்டும் வெச்சுக்கிட்டு மீதியை வடிகட்டிட்டேன். அவசரத்துல பண்ணின தப்பு!"

மீதி என்றால் கொஞ்சநஞ்சமில்லை. நம் உடம்பின் முந்நூறு கோடி டி.என்.ஏ. எழுத்தில் மரபணுவின் நேரடிச் சேதி நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாதாம். மரபணுவைப் போட்டு அணைக்கிற ஸ்விட்செல்லாம் பெரும்பாலும் மீதியில்தானாம். ஊரார் உடம்பிலெல்லாம் ஸ்விட்ச் தேடுகிறவள் சொந்த வீட்டு ஸ்விட்சைக் குப்பையில் போட்டிருக்கிறாள்! வடிகட்டியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

"இதோ. விரல் மரபணு இங்க. அதை எப்ப, எங்க போடணும்னு பாத்துக்கற ஸ்விட்ச் பத்து லட்சம் எழுத்து தள்ளி, இன்னொரு மரபணுவுக்குள்ள உக்காந்திருக்கு."

"அடுத்தவங்க வீட்டுக்குள்ளயா?" என்றேன்.

"ஆமாக்கா. டி.என்.ஏ. இழையே வளைஞ்சு வந்து தொடும்."

நாலு வீடு தள்ளி நடப்பதை அறியவே எனக்கு அரைநாள் ஆகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு, கருவின் இருட்டில், அத்தனை தூரம் தாண்டி வந்து ஒரு கைக்கு எத்தனை விரல் என்று முடிவு செய்கிறது. எனக்கும் வந்து சொல்லியிருக்கிறது, உங்களுக்கும். என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பேச்சு வரவில்லை. எனக்கு அது வியாதி வந்தால்கூட நடக்காது.

"அந்த ஸ்விட்சுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. குழந்தைக்கு, தம்பிக்கு... அப்புறம் உனக்கும்மா. எங்க, கட்டைவிரலை மடக்கு."

மாமியார் மடக்கினாள். நமக்கெல்லாம் நுனியில் ஒரே இடத்தில் மடங்கும் விரல், அவளுக்கு இரண்டு இடத்தில் மடங்கியது, மற்ற விரல்களைப் போல. தெருவில் யார் தலையில் எவ்வளவு சாயம் என்று சொல்லத் தெரிந்த எனக்கே இது தெரியாமல் போயிற்று!

மாமியார் வெகுநேரம் தன் விரலையே பார்த்தாள். பிறகு குழந்தையின் கையை எடுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டாள். "என்னோடதாடி இது?" குரலே மாறிவிட்டது. மகனைப் பார்த்து, "பெட்டியை உள்ள கொண்டாடா, மரம் மாதிரி நிக்கறான்" என்றாள்.

மறுவருஷம் ஆராய்ச்சி கூட வேலை பார்ப்பவனைக் கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போனாள். மகனும் மருமகளும் தனிக்குடித்தனம் போனார்கள், மாமியாரையும் கையோடு கூட்டிக்கொண்டு. அதற்குப் பெயர் தனிக்குடித்தனமா என்று கேட்கத்தான் எதிர்வீட்டில் ஆளில்லை.