நூற்று நாற்பத்திரண்டு வயிறுகள்

எங்கள் அருங்காட்சியகத்தில் டிக்கெட் கிழிப்பது, காபி போடுவது, குழந்தைகள் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போகும் மூக்குத் தடங்களைத் துடைப்பது எல்லாம் நான்தான். பெயர் குட்ரூன். எனக்குத் தவளை ஆகாது. பதினோரு வருடம் அதோடு குப்பை கொட்டியும் ஆகாது.

ஆனால் சிட்ஸல் எனக்கு உயிர். அவள்தான் காப்பாட்சியர். எங்கள் தோர்ஹோல்ம் தீவில் மணித்தவளை அற்றுப்போய் அறுபது வருடம் ஆகியிருந்தது. அவள் வேறொரு தீவிலிருந்து முட்டை கொண்டுவந்து, பின்னறைத் தொட்டிகளில் வளர்த்து, ஒரு வயது ஆனதும் மாடு வளர்க்கும் ஏஸ்கிலின் மேய்ச்சல் நிலத்துக் குட்டையில் விட ஆரம்பித்தாள். எட்டு வருடத்தில் நூற்று நாற்பத்திரண்டு தவளைகள்.

மணித்தவளைக்கு முதுகு வெறும் சேற்று நிறம். திருப்பினால் வயிறு செக்கச்செவேலென்று, கறுப்புத் திட்டுகளோடு இருக்கும். ஒன்றின் திட்டு மற்றதற்கு வராது, நம் கைரேகை போல. அதனால் விடுவதற்கு முன் ஒவ்வொன்றின் வயிற்றையும் படமெடுத்து ஆல்பத்தில் ஒட்டிவிடுவாள் சிட்ஸல். படமெடுக்காமல் ஒன்றைக்கூட விட்டதில்லை. பள்ளிக் குழந்தைகள் வந்து பெயர் வைப்பார்கள். சாஸ் பெயரில் 'ரெமூலாட்', அப்புறம் 'சுங்க அதிகாரி', 'அழாத ஆக்னெட்' என்று வாய்க்கு வந்த பெயரெல்லாம் உண்டு. தவளைக்குப் பெயர் வைத்த பிள்ளை அதன் பிறகு குட்டையில் கல் எறிவதில்லை. இதை நானே பார்த்திருக்கிறேன்.

எல்லாம் சரி. ஆனால் இரண்டு வசந்தமாக அந்தக் குட்டையில் தவளை கத்துகிற சத்தமே கிடையாது. சிட்ஸல் மடக்கு நாற்காலி போட்டுக் காது கொடுத்து உட்கார்ந்ததுதான் மிச்சம். கடைசியில் நகராட்சியின் பண்பாட்டு அதிகாரி பிரீபனிடமிருந்து கடிதம் வந்தது. விட்ட தவளைகள் இங்கே பிழைத்துப் பெருகுகின்றன என்பதற்கு மே முடிவதற்குள் ஒரு சான்று வேண்டும். இல்லையென்றால் பின்னறையை மூடிவிட்டுக் காபிக்கடை வைப்பார்களாம். என் காபியைக் குடித்த பிறகும் இந்த ஊருக்கு இன்னொரு காபிக்கடை கேட்கிறது!

மே முப்பத்தொன்று காலை. பதினொரு மணிக்குப் பிரீபன் நேரில் வருவதாக இருந்தது. எட்டரைக்கு ஏஸ்கில் வந்து நின்றான். நானும் அவனும் பள்ளியில் ஒரே வகுப்பு. கையில் அவன் ரொட்டி டப்பா.

"ஏஸ்கில், அப்படியே நில்லு! பூட்ஸை மருந்துத் தொட்டியில முக்கிட்டு வா. எந்தச் சேத்துல எந்த நோய் இருக்கோ," என்றேன்.

"எங்க மாட்டுக்கே நான் இவ்வளவு மரியாதை குடுத்ததில்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே முக்கினான். "சிட்ஸல் எங்க? ஒரு சாமான் கொண்டாந்திருக்கேன்."

சிட்ஸல் டப்பாவைத் திறந்தாள். ரொட்டியில் தடவும் ஈரல் பசையின் வாசனை. மூலையில் ஈரப் புல்லுக்கு நடுவே வளர்ந்த மணித்தவளை ஒன்று, எங்களை முறைத்துக்கொண்டு.

"எங்க... எங்க கிடைச்சுது?"

"குட்டையில இல்ல. மாடு மிதிச்ச குழியில தண்ணி தேங்கி நிக்குமே, அங்க. தொடக்கூடாதுன்னு சட்டம்னு தெரியும். திட்டணும்னா திட்டு."

"அப்புறமா திட்டறேன்," என்றாள். கையுறை மாட்டி அதைக் கண்ணாடித் தட்டில் வைத்து வயிற்றைப் படமெடுத்தாள். "குட்ரூன், ஆல்பம்!"

எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இது நூற்று நாற்பத்திரண்டில் யார்? ரெமூலாட்டா? சுங்க அதிகாரியா? பக்கம் பக்கமாகப் புரட்டினோம். எனக்கு மூக்குக்கண்ணாடி, அதற்கு மேல் பூதக்கண்ணாடி. மார்பில் குதிரை லாடம் போல ஒரு திட்டு, அதன் கீழே மூன்று புள்ளி. அப்படி ஒன்று ஆல்பத்தில் இல்லை. மறுபடி முதலிலிருந்து. இல்லை. மூன்றாவது தடவையும் பார்த்தோம். கிடைக்கவில்லை.

"நம்மளது இல்ல," என்றாள் சிட்ஸல். நாற்காலியில் சரிந்து கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். எட்டு வருட உழைப்பு ஆற்றில் கரைத்த புளியாகப் போகிறதே என்று எனக்குத் தவளை மேலேயே கோபம் வந்தது.

ஏஸ்கில் தொப்பியைத் திருகினான். "கோடை வீட்டுக்கு வந்தவன் எவனாவது வளத்ததைக் கொண்டாந்து விட்டிருப்பான். சரி, இருந்த எடத்துலயே விட்டுடறேன். வீணா ஆசை காட்டிட்டேன், மன்னிச்சிரு." டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு டிராக்டரில் போய்விட்டான்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. "அதெப்படி?" என்றேன். "கடையில விக்கிற ஜாதிக்கு முதுகு பச்சைன்னு வாரா வாரம் பிள்ளைங்களுக்கு நீதானே சொல்ற? இது சேத்துக் கலரு. நீ விட்டதெல்லாம் ஆல்பத்துல இருக்கு. இந்தத் தீவுல வேற மணித்தவளையே கிடையாது. அப்ப இது என்ன, வானத்துலேருந்தா குதிச்சுது?"

சிட்ஸல் கையை எடுத்து என்னைப் பார்த்தாள். எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது.

"குட்ரூன்! இது இங்கயே பொறந்தது!"

"என்னது?"

"ஆல்பத்துல இல்லன்னா, நான் விடல! நான் விட்டதுங்க போட்ட முட்டையில பொறந்தது! ஐயோ, நான் ஒரு மண்டு! பெருகுதுன்னுதானே சான்று கேட்டாங்க? மூணு தடவை கையில வெச்சுப் பாத்துட்டு அனுப்பிட்டேனே!"

செருப்புகூடப் போடாமல், காலுறையோடு தெருவில் ஓடினாள். "ஏஸ்கில்! நில்லுங்க! பேரக்குழந்தையைத் தூக்கிட்டுப் போறீங்க!" டிராக்டர் சத்தத்தில் அவனுக்குக் கேட்டால்தானே? அறுபத்தொரு வயதில் நானும் பின்னால் ஓடினேன். மீன்கடை வாசலில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு.

தேவாலயத் திருப்பத்தில் அவன் வேகத்தைக் குறைத்தபோது பிடித்தோம். விஷயம் புரிந்ததும் ஏஸ்கில் டிராக்டரிலேயே உட்கார்ந்து அழுதான். "என் மாட்டுக் குழியிலயா? என் மாட்டுக் குழியிலயா?" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நானும் அழுதேன். சந்தோஷம்தான், வேறென்ன.

திரும்பி வந்ததும் அவன் யாரையும் கேட்காமல் கிடங்கிலிருந்து கொடியை எடுத்துவந்து, எங்கள் ஊரில் பிறந்தநாளுக்கு ஏற்றுவது போல வாசல் கம்பத்தில் ஏற்றினான். நான் இலவங்கப்பட்டை ரொட்டிகளைச் சூடாக்கி, ஒவ்வொன்றிலும் சின்னக் காகிதக் கொடி குத்தினேன். சிட்ஸல் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் புதுப் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்குப் பிரீபன் தோல்பையோடு வந்து, கம்பத்தை அண்ணாந்து பார்த்தான்.

"கொடி ஏத்தியிருக்கீங்க? இன்னைக்கு யாருக்குப் பொறந்தநாள்?"

"எங்களுக்குப் பேத்தி பொறந்திருக்கா," என்றேன். "உள்ள வாங்க, வயித்தைக் காட்டறேன்."