படத்தில் இல்லாத ஈரம்

கூதிர் மழை கழிந்து முன்பனி இறங்கும் பருவம். வெயில் உண்டு, வெம்மை இல்லை. பகலானது, விடைபெறத் தயங்கும் விருந்தாளியைப் போல வாசலில் சற்றே நின்று, பிறகு சொல்லாமலே போய்விடும். பழைய நகரத்தின் கல்பாவிய தெருவில் சருகுகள் மட்டும் அவசரமின்றி நடந்துகொண்டிருந்தன.

அத்தெருவின் தையற்கடை இப்போது வாசனைத் திரவியக் கடை. அச்சகம் காபிக் கடையாயிற்று. தானியக் கிடங்கோ, இரும்புத் தூண்களும் வளைந்த சன்னல்களும் அப்படியே இருக்க, நாகரிகமான குடியிருப்பாகிவிட்டது. அதன் முதல் மாடியில் புகைப்படக்காரரும் மனைவியும் இரண்டாண்டுகளாக வாடகைக்கு இருந்தனர். மனைவி எதிர்ச்சாரி மருத்துவமனையில் செவிலி. முழங்கால் தேய்ந்து தொலைவு நடக்க முடியாதவள்; இவ்வீட்டை விட்டால் அவளுக்கு அந்த வேலையும் இல்லை. வாடகை ஒப்பந்தமோ இம்மாதத்தோடு முடிகிறது.

"காப்பீட்டுக்கு வேணுமாம் சார். வீட்டை நாலு படம் எடுத்துக் குடுங்களேன்" என்றிருந்தார் வீட்டுக்கார அம்மாள்.

வாடகை வீடுகளைப் படமெடுப்பதே அவர் பிழைப்பு. காப்பீட்டுக்குக் கைப்பேசிப் படமே போதும். ஆனால் அரைகுறையாக ஒரு வேலை செய்ய அவர் கை இசையவில்லை. கட்டிலை நகர்த்தினார், ஈரம் ஊறிய மூலையை அலமாரியால் மறைத்தார், நாலு மணி வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார்.

மறுவாரம் அந்த அம்மாள் வந்தார். "தப்பா நினைக்காதீங்க சார். என் வீடு இவ்வளவு அழகுன்னு உங்க படத்தைப் பாத்துதான் எனக்கே தெரிஞ்சுது. மருமகன் இணையத்துல போட்டுட்டார். ஒரே நாள்ல முப்பது பேர் கூடுதல் வாடகைக்குக் கேட்டுட்டாங்க. உங்க ஒப்பந்தத்தை இனி நீட்டிக்க முடியாது."



"நம்ம கல்யாண ஆல்பத்துல என்னைக்கூட இவ்வளவு அழகா எடுக்கலையே நீங்க!" என்றாள் மனைவி, அம்மாள் போனபிறகு. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிறன்று இளம் தம்பதியர் அம்மாளோடு வீடு பார்க்க வந்தனர். புகைப்படக்காரர் கடைசி முயற்சியாக அலமாரியைத் தள்ளிக் காட்டினார். "தம்பி, இந்த மூலையைப் பாருங்க. ஈரம் ஊறுது."

இளைஞன் கைப்பேசியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான். "படத்துல இல்லையே சார்?"

"எடுத்தவனே நான்தான் தம்பி!"

"அப்போ ஒரு பூச்சு பூசினா சரியாயிடும்" என்று முடித்துவிட்டார் அம்மாள். அங்கேயே கையெழுத்தாயிற்று. தன் திறமையே எதிர்க்கட்சி வக்கீலாய் நிற்க, அவர் அலமாரியை மீண்டும் மூலைக்கே தள்ளினார்.

நிறைமாத வயிற்றோடு நின்ற அந்தப் பெண், செவிலியின் அருகே வந்தாள். "உங்களை வெளியேத்திட்டு நாங்க வர்றோமாக்கா?" என்றாள்.

மனைவி மெல்ல எழுந்து, கண்மூடிக் கைகுவித்தாள். பாதி மூச்சும் பாதிச் சொல்லுமாய் ஒரு துதிப்பாட்டு அவள் உதடுகளில் ஓடி அடங்கிற்று. தங்களுக்காக அதில் ஏதும் வேண்டினாளா என்று கணவருக்குத் தெரியவில்லை.

பிறகு அப்பெண்ணின் தலையில் கைவைத்தாள்.

"சுகப்பிரசவம் ஆகட்டும்மா. பிள்ளையும் நீயும் இந்த வீட்டுல நிறைவா இருங்க."