ஒன்பதாவது வாரத்து வகுப்பு

காவலர் பயிற்சிப் பள்ளியில் ஆறாவது வாரம் எல்லோருக்கும் காது உதிர்ந்துவிடும். வலி கிடையாது, தலை துவட்டும்போது துண்டோடு வந்துவிடும். ஸ்டோர்காரர் அவற்றை எண் எழுதிய உறையில் போட்டு வைத்திருந்து, ஓய்வுபெறும் நாளில் திருப்பித் தருவார். மேலதிகாரியின் உத்தரவு மட்டும் பூட்ஸ் வழியாக மண்டைக்கு ஏறும் என்பதால் வேலைக்கு இடைஞ்சல் இல்லை. மனநோயாளிகளிடம் எப்படி நடந்துகொள்வது என்ற வகுப்பு, மொத்தமே ஒரு மணி நேரம், ஒன்பதாவது வாரத்தில் இருந்தது. ஒரு டாக்டரம்மா வந்து, தள்ளி நில்லுங்கள், மெதுவாகப் பேசுங்கள், அவசரப்படாதீர்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே ஊதுவதற்குக் காதுகூட இல்லை. எல்லோரும் நன்றாகத் தலையாட்டி, வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டார்கள். சுடும் பயிற்சி அறுபது மணி நேரம். எதிரே கத்தியோடு ஓர் அட்டை மனிதன் நிற்பான். மூன்று முறை அதட்ட வேண்டும், பிறகு சுட வேண்டும். அட்டை மனிதன் ஒருநாளும் கத்தியைக் கீழே வைத்ததில்லை.

அந்த வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவன் நெட்டையன். நான்கு வருடம் கழித்து ஒரு தையல்காரி போலீஸுக்குப் போன் செய்தாள். தம்பி ஐந்து நாளாகத் தூங்கவில்லை, சுவருக்குள் ஆள் இருப்பதாகச் சொல்லிக் காய் நறுக்கும் கத்தியோடு சமையலறையில் நிற்கிறான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக உதவி வேண்டும் என்றாள். போன் எடுத்தவரின் படிவத்தில் ஆயுதத்துக்கு ஒரு கட்டம் இருந்தது, நோய்க்கு இல்லை. நெட்டையன் வந்து மூன்று முறை அதட்டினான்.

"வச்சிடறேன் சார். கத்தாதீங்க, பயமாருக்கு" என்றபடி தம்பி கத்தியை வைக்கக் குனிந்தான். அட்டை மனிதன் குனிந்ததே இல்லை. நெட்டையன் சுட்டுவிட்டான்.

இறந்தவன் உத்தரவை மீறினான், காவலர் பயிற்சிப்படி நடந்தார் என்று அறிக்கை வந்தது. பாராட்டுச் சான்றிதழ் வேறு கொடுத்தார்கள். எழுதவே கை கூசுகிறது. தையல்காரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தம்பி கடைசியாகச் சொன்னதை அந்த அறிக்கையில் சேர்க்க வேண்டும். முப்பது வருடம் மனுக் கொடுத்தாள்.

ஓய்வுபெற்ற அன்று நெட்டையன் உறையைப் பிரித்து, தூசியை ஊதிக் காதுகளை ஒட்டிக்கொண்டான். கேட்காமல் விட்டதெல்லாம் வரிசையாக வந்தது. மகளின் முதல் சொல்லுக்கு முன்னால் தம்பியின் குரல் வந்தது. நேரே தையல்காரி வீட்டுக்குப் போய் வாசலில் நின்று அழுதான்.

"வச்சிடறேன்னுதாம்மா சொன்னான்."

அவள் தையல் மிஷினை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியாததா? அங்க போய்ச் சொல்லு."

ஸ்டேஷனுக்குப் போய் எழுத்தரிடம் மூன்று முறை சொன்னான். எழுத்தர் இளவயசுக்காரர், தலையின் இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்தது. நன்றாகத் தலையாட்டிவிட்டு, ‘ஓய்வுபெற்ற காவலர் வந்து நலம் விசாரித்துச் சென்றார்’ என்று பதிவேட்டில் எழுதி, கையெழுத்துக்கான இடத்தை விரலால் காட்டினார். பழக்கதோஷம், நெட்டையனும் போட்டுவிட்டான்.