சுத்தமில்லை என்று எழுது

"சோத்துல கைய வச்சிக்கினே பதில் சொல்லு தாட்சி. இன்னிக்கி இன்னான்னு எழுதப் போற?"

எத்திராஜ் வெளியே கிளம்பியவன் நடையிலேயே நின்று கேட்டான். தங்கை தாட்சாயணியின் கை தட்டில் அப்படியே நின்றுவிட்டது. அடுப்பங்கரையில் அவன் மனைவி சுலோசனா பாத்திரம் துலக்கும் சத்தமும் நின்றது.

"பார்த்துட்டு எழுதறேண்ணா."

"இன்னா பாக்கறது? சேரிப் பொம்பளைங்க பால் ஊத்தறேன்னு மனு குடுத்துக்கீறாங்க. சாதின்னு எழுதாத, சட்டம் வந்துட்ச்சி. சுத்தமில்லன்னு எழுது. ஒரே வார்த்த."

தாட்சாயணி புருஷனை இழந்து, பெண் அலர்மேல்மங்கையோடு இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. நகரியில் ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்திய பிரசவ ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஸ்டோர் வேலை வாங்கிக் கொடுத்தவன் எத்திராஜ். அரிசி, பருப்பு, விறகு, பால் எது வந்தாலும் அவள் பார்த்துச் சரியென்றால்தான் உள்ளே போகும். தாலியறுத்தவள் பிள்ளை பெறும் இடத்தில் நடமாடக் கூடாது என்று அவளுக்குப் பின்கட்டில் அறை ஒதுக்கியிருந்தார்கள். பால் கான்ட்ராக்ட் மட்டும் வருஷா வருஷம் எத்திராஜுக்கே. தங்கை சரியென்பாள் என்பது அவனுக்குத் தெரியும். அவள் சரியென்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எல்லைத் தகராறு தீந்து ஊரு ஆந்திராவுக்கே நிலையாயிட்டா, தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சவளத்தான் அந்த நாற்காலில வைப்பாங்க. ஸ்தாபனத் தலைவர்கிட்ட நான் ஒரு வார்த்த சொன்னாதான் உனக்கு வேல நிக்கும்" என்றான் எத்திராஜ். "ஞாயித்துக்கெழம ஏர்பேட்டுக்காரங்க மங்கையப் பாக்க வராங்க. சீர் யார் செய்யறது? நீயா?"

"அவளுக்குத் தெரியாதா இதெல்லாம்?" என்றாள் சுலோசனா உள்ளேயிருந்து. "யார் வூட்டு உப்பத் துன்னுக்கினு கீறோம்னு ஒரு நெனப்பு இருக்குமில்ல."

தாட்சாயணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காத்திருந்தாள். திருப்பதியிலிருந்து புதிதாக வந்தவள். தமிழைத் தெலுங்கு வாடையோடு பேசுவாள். தாய்ப்பால் போதாத குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரிப் பாலைக் கொடுத்தால் எடை ஏறவில்லை என்பது வந்த நாள் முதல் அவளுக்கு உறுத்தல். அதனால்தான் இந்த வருஷம் யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம் என்று பலகையில் எழுதி வைத்தாள். சேரிப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து வளர்க்கும் எருமைகளின் பாலுக்கு மனுக் கொடுத்திருந்தவள் செல்லியம்மா. அவள் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், பால் பாத்திரத்தோடு நின்றாள்.

மேஜைமேல் எத்திராஜ் அனுப்பிய பித்தளைச் சொம்பு இருந்தது. சாம்பிள் என்று தனியாக வந்த பால். விரலால் தொட்டதுமே கெட்டி என்று தெரிந்தது.

தண்ணீர் கலந்த பாலில் அமிழ்ந்து காட்டும் பால்மானியை டாக்டரம்மா நீட்டினாள். "சூடம்மா, பாரு. இத பால்ல போட்டுப் பாரு."

தாட்சாயணி அதை வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது பேசாவிட்டால் இனி எப்போதும் பேச முடியாது என்று மட்டும் தோன்றியது.

"இதுக்கு நான் கை வைக்கக் கூடாதும்மா. மனுப் போட்டவரு என் கூடப்பொறந்த அண்ணன். நான் அவர் வூட்ல கீறேன். நான் இன்னா சொன்னாலும் அது சரியில்ல. சமயக்கட்டு நாகையா பாக்கட்டும்."

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. இந்தச் சொம்புப் பாலப் பாக்காதீங்க. கொழந்தைங்களுக்குப் போற பால் கேன்ல வந்துகீது. அதுலேர்ந்து எடுங்க."

சமையற்காரர் நாகையா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நான் பாக்கறேன். அந்தப் பொம்பள பாத்திரத்த மட்டும் தொட மாட்டேன்."

"தொட வேணாம். அவங்களே ஊத்துவாங்க. நீ கண்ணால பாரு, சாலு, அது போதும்" என்றாள் டாக்டரம்மா.

கேன் பாலைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றினார்கள். பால்மானி அடியைத் தொடுவதுபோல அமிழ்ந்தது. செல்லியம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் வாசற்படியில் தயங்கினாள். தாட்சாயணி போய் முன்னால் நடந்து அழைத்து வந்தாள். செல்லியம்மா ஊற்றிய பாலில் பால்மானி நிமிர்ந்து நின்றது.

நாகையா வெகுநேரம் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "மொதல்ல பார்த்தது தண்ணி. இது பாலு" என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

தாட்சாயணி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. எந்தச் சரக்கை எடுத்தாலும் அவள் கேட்பதுதான். "செல்லியம்மா, தெனம் இத்தினி பாலு தவறாம வருமா? இதுவரைக்கும் எங்க ஊத்திக்கினு இருந்தீங்க?"

செல்லியம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். நாகையாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"சொல்லும்மா."

"உங்க அண்ணாருக்குத்தாம்மா. விடியறதுக்கு முந்தி அவரு ஆளு ஏரிக்கரையில வந்து வாங்கிக்கினு போவான். ரெண்டு மூணு வருசமா. வெளிய சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு. பாதி வெலதான் குடுப்பாரு, அதான் நாங்களே ஊத்தலாம்னு வந்தோம்."

நாகையாவின் முகம் வெளிறிப்போயிற்று. தினம் காய்ச்சியவர் அவர். முதல் காப்பி குடித்தவரும் அவர். சமையற்கட்டுக்குப் போனார். உள்ளே அவர் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. செல்லியம்மா அதைக் கேட்காததுபோல முந்தானையால் பாத்திரத்தின் விளிம்பைத் துடைத்தாள்.

மாலை தாட்சாயணி வீடு திரும்புவதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது.

"சேரிப் பாலுக்காகக் கூடப்பொறந்தவன் வயித்துல அடிச்சியே, நீ பொம்பளயா?" என்றாள் சுலோசனா.

"ஆஸ்பத்திரிக்கு எடுக்கற பாலுதான் இந்த வூட்டுக் காப்பிக்கும். ரெண்டு மூணு வருசமா அது சேரிப் பாலுதான் அண்ணி. அண்ணனக் கேளுங்க."

சுலோசனா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபத்தைவிட அருவருப்புதான் அதிகம். எத்திராஜ் அவளைப் பார்க்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டான்.

"ஏர்பேட்டுக்கு ஆள் அனுப்பறேன். ஞாயித்துக்கெழம யாரும் வர வேணாம். உன் பொண்ணு, உன் பாடு" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

மங்கை உள்ளறையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள். "மாமா சீர் செய்யலன்னா நின்னுபோற கல்யாணம் தானேம்மா, போனா போவுது" என்றாள். தாய்க்கு அந்த வார்த்தை பெரிய ஆறுதலாக இருந்தது. பெரிய குத்தலாகவும் இருந்தது. அந்த வாரமே இருவரும் ஸ்டோருக்குப் பின்னாலிருந்த ஓட்டுக் கட்டிடத்துக்குக் குடிபோனார்கள்.

பிறகு ஸ்தாபனத் தலைவரின் உத்தரவு வந்தது. டாக்டரம்மா அதைப் படித்துக் காட்டினாள். பால் செல்லியம்மாவிடமே எடுக்கலாம். ஆனால் கேட்டிலிருந்து சமையற்கட்டு வரை அதைக் கொண்டுவருவதற்குத் தகுந்த ஒரு ஆள் வேண்டும்; அந்த வேலைக்கு எத்திராஜ் மனுக் கொடுத்திருக்கிறார், ஸ்டோர் பொறுப்பாளர் ஒப்புதல் எழுதி அனுப்ப வேண்டும்.

"நாப்பது அடி நடக்கறதுக்கு ஒரு கான்ட்ராக்டு" என்று டாக்டரம்மா காகிதத்தை மேஜையில் போட்டாள். "நீ எழுதலேன்னா உன் வேலயிலேயே கை வைப்பாங்கம்மா. நான் எவ்ளோ தூரம் தடுக்க முடியும்னு தெரியாது."

"தெரியும்மா."

தாட்சாயணி உட்கார்ந்து எழுதினாள். *பால் கொடுப்பவர்களுக்குக் கால் இருக்கிறது. இந்தச் செலவு தேவையில்லை.* கீழே கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை வேப்பமரத்தடியில் செல்லியம்மா நின்றாள். தாட்சாயணி பின்கட்டு வழியாகப் போகவில்லை. எட்டு வருஷமாக அவள் மிதிக்காத பிரசவ வார்டுத் தாழ்வாரத்தின் வழியாக, கட்டில்களில் கிடந்த பிள்ளைத்தாய்ச்சிகள் பார்க்க, நேராக கேட்டுக்கு நடந்தாள். ஒரு கிழவி பேரனின் முகத்தை அவசரமாக மறைத்தாள்.

"வா செல்லியம்மா. இப்டியே உள்ள வா."

"இந்த வழியாவா?"

"இதுதான் கிட்ட."

இருவரும் தாழ்வாரத்தில் நடந்து வந்தார்கள். சமையற்கட்டு வாசலில் நாகையா நின்றுகொண்டிருந்தார். விலகவும் இல்லை, தடுக்கவும் இல்லை. உள்ளே ஏதோ ஒரு கட்டிலில் பசியெடுத்த குழந்தை வீரிட்டது.

"அடுப்ப மூட்டு நாகையா" என்றாள் தாட்சாயணி.